எட்டாவது தோள்

பூவனக்குடியில் சாமி தூக்குகிறவர்களைத் தோள்காரர்கள் என்பார்கள். எட்டுப் பேர். சபைக்கு நீளமாக வேறொரு பெயர் உண்டு. கோயில் மதிலில் காவிப் பட்டை போட்டு எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

பங்குனி உத்திரத்தன்று சுப்பிரமணியரைப் பல்லக்கில் வைத்து நான்கு தெருவும் சுற்றி வருவது அவர்கள் வேலை. அது ஒரு நாள் வேலை. மற்ற நாட்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. ஐப்பசியில் கோரையாறு கரையைத் தொட்டு ஓடினால் மூங்கிலும் மணல் சாக்குமாகக் கரைமேல் நிற்பவர்கள் அவர்கள்தான். நடக்க முடியாத நோயாளியைக் கட்டிலோடு தூக்கி நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். தூக்க ஆளில்லாத பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்கள். எங்கும் கை நீட்டி எதுவும் வாங்குவதில்லை. சாவு வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

சபையில் சேருகிறவன் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பல்லக்குத் தண்டில் கை வைத்து மூன்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டேன். அடுத்தவன் வரப்பை வெட்ட மாட்டேன்.

மூன்றாவது சத்தியம் வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன விஷயமாகப் படலாம். ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் வரப்பை ஒழுங்கு பண்ணுகிற சாக்கில் மண்வெட்டியை ஒரு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொண்டே போனால், பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குள் ஒரு நாற்றங்கால் அளவு நிலம் சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கும். ஆளை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவனோடு சம்பந்தம் பேசுவார்கள். வரப்பு வெட்டுகிறவன் வீட்டில் கைநனைக்க மாட்டார்கள்.

மருதையனின் அப்பா வரப்பு வெட்டியவர்.

குடித்தவரும்கூட. வாந்திபேதி கண்டு ஒரே பகலில் செத்துப்போனபோது குடியானத் தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. நோய்க்குப் பயந்து பாதி, ஆளைப் பிடிக்காமல் பாதி. மருதையனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. பிணத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, எப்படி இழுத்துக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். வாசலில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள். முன்னால் இராஜாங்கம். ஊரில் பாதி நிலம் அவருடையது. கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான். மருதையனின் அப்பா வெட்டிய வரப்புகளில் ஒன்று அவருடைய வரப்பு.

அவர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் குனிந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறக்கிவிட்டு, ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்தோடு வீட்டுக்குப் போனார்.

அன்று முதல் மருதையனுக்கு அந்தத் தண்டுக்குக் கீழே ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைத் தவிர அவன் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. இருந்த மூன்று மா சொந்த நிலத்தைப் பயிர் செய்தான். அம்சத்தைக் கல்யாணம் கட்டினான். வரப்பைச் சீவும்போது பக்கத்து வயல்காரனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டு சீவினான். அப்படியும் ஊருக்கு அவன் வரப்புவெட்டி மகன்தான்.

கடைசியில் இடம் கிடைத்தது நடத்தையால் அல்ல, உயரத்தால்.

பல்லக்குத் தூக்குவதில் ஜோடி முக்கியம். வலத் தண்டில் ஒருவன், இடத் தண்டில் அவனுக்கு நேராக ஒருவன். இருவரும் ஒரே உயரம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாமி சாயும். இராஜாங்கம் ஆறடிக்கு மேல். அவருக்கு ஜோடியாக இருந்த பங்காளி மார்வலியில் போய்விட்டார். ஊரில் அந்த உயரத்துக்கு மிச்சமிருந்தவன் மருதையன் ஒருவன்தான்.

கழகம் ஆட்சிக்கு வந்த மறு வருஷம் அது. டீக்கடையில் கிளைச் செயலாளர் நடராசன் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டான்.

“என்ன மருதையா, சாமிக்கு லாரி கிடைக்கலியாமே?”

“லாரிக்கு டீசல் ஊத்தணும். எனக்கு நீ ஒரு டீ ஊத்தினாப் போதும்.”

“சிரிக்காத. கல்லைத் தூக்க ஒரு சபை, அதுக்கு ஒரு சத்தியம். மிராசுதாரு தோளும் உன் தோளும் ஒண்ணாயிடுமா?”

“ஒண்ணாத்தான்யா இருக்கணும். இல்லாட்டி சாமி விழுந்துடும்.”

“விழட்டுமே. தானா எந்திரிச்சு வருதான்னு பாப்போம்.”

“நீ கொடியத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் போற. கொடி தானா நடந்து வரட்டும்னு நான் சொன்னனா?”

கடையில் சிரிப்பு எழுந்தது. நடராசனும் சிரித்தான். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவன் நாளைக்குப் பண்ணைக்குத் தோள் கொடுப்பான் என்று அவன் காதுபடச் சொன்னார்கள். மருதையன் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தான்.

வீட்டில் அம்சம் நேராகவே சொன்னாள். “அந்தாளு உங்கள மதிச்சுக் கூப்பிடல. அளந்து பாத்துக் கூப்பிடறாரு. மாட்டுக்கு ஜோடி தேடுற மாதிரி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போறீங்க?”

“உள்ள போயிட்டேன்னா எப்படி வந்தேன்னு எவன் கேப்பான்?”

“கேப்பான். உங்கப்பன் பேரைச் சொல்லிக் கேப்பான்.”

“அதுக்குத்தான் போறேன்.”

குளத்தில் முழுகி எழுந்து வந்தபோது மண்டபத்தில் தோள்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தங்கையன். குட்டையான, கெட்டியான மனிதர். அவர்தான் வாயைத் திறந்தார்.

“வரப்புவெட்டி மவன் கை வெச்ச தண்டுல நாங்க எப்படிங்க கை வெக்கிறது?”

“அப்ப நீ உன் காலுக்கடியில நாலு செங்கல்லக் கட்டிக்கிட்டு எனக்கு ஜோடியா வா தங்கையா,” என்றார் இராஜாங்கம். “நான் எத்தன வருஷத்துக்கு முட்டிய மடக்கிக்கிட்டே நடக்கறது?”

மருதையன் தண்டில் கை வைத்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதல் சத்தியத்தையும் இரண்டாவதையும் குருக்கள் சொல்லச் சொல்லச் சொன்னான். மூன்றாவது வந்தபோது குருக்களுக்காகக் காத்திருக்கவில்லை.

“எங்கப்பன் வரப்பு வெட்டினது நெசம். இங்க நிக்கற மூணு பேரு நெலத்துல வெட்டியிருக்காரு. நான் வெட்டினதில்ல. வெட்ட மாட்டேன்.”

இராஜாங்கம் காவித் துண்டை எடுத்துத் தன் கையாலேயே அவன் இடுப்பில் கட்டினார். முடிச்சை இறுக்கிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“இனிமே எவனாவது இவன வரப்புவெட்டி மவன்னு சொன்னா, என்னச் சொன்ன மாதிரி.”

அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

அடுத்து வந்த வருஷங்களில் மருதையன் நிமிர்ந்து நடந்தான். கோரையாறு மேலக்கரையில் உடைப்பெடுத்தபோது இராஜாங்கம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கழியை மருதையன் பிடித்திருந்தான். மணல் சாக்குகள் கை மாறி வந்துகொண்டிருந்தன. ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் மோதியது. அவர் கழியை விடவில்லை. விட்டிருந்தால் முதலில் போயிருப்பது கூலிக்காரர்கள் குடியிருந்த அக்கரைத் தெரு, அவருடைய பண்ணை அல்ல. மருதையன் அதை மறந்ததே இல்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பிறகும்கூட அந்த மனுஷர் தண்ணீரில் நின்றதை அவன் குறைத்துச் சொன்னதில்லை.

ஊரில் தகராறு வந்தால், “ஒரு தோள்காரரக் கூப்பிட்டுக் கேளு” என்பார்கள். மருதையனையும் கூப்பிட்டார்கள். அவன் பார்த்ததைச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை. அம்சம்கூடத் தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால், “எங்க வீட்டுக்காரரக் கூப்பிடவா?” என்று மிரட்ட ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் குத்தகைச் சட்டம் வந்தது. நிலத்தை யார் குத்தகைக்குப் பயிர் செய்கிறார்களோ அவர்கள் பெயரை அரசாங்கம் பதிவு செய்யும். பெயர் பதிவாகிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் இறக்கிவிட முடியாது. நடராசன் டீக்கடையில் நின்று, “எங்க ஆட்சி கொண்டாந்த சட்டம், எவன் தடுக்கறான்னு பாக்கறேன்” என்று முழங்கினான். பூவனக்குடியில் முதலில் மனுப் போட்டது ஒரு பெண்பிள்ளை.

காத்தாயி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அக்கரைத் தெருவில் இருந்தவள். அவள் புருஷன் இராஜாங்கத்திடம் பனையடி வயலை வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு வாங்கிப் பயிர் செய்துகொண்டிருந்தான். ஒன்றரை மா, அரை ஏக்கர். பாம்பு தீண்டி அவன் போன பிறகு காத்தாயி வயலை விடவில்லை. உழவுக்கு மட்டும் ஆள் பிடிப்பாள். நாற்று விடுவது முதல் கதிர் அடிப்பது வரை அவள்தான். குத்தகை நெல்லைத் தலையில் சுமந்துபோய்ப் பண்ணைக் களத்தில் அளப்பாள். இதெல்லாம் மருதையனுக்கு நன்றாகத் தெரியும். பனையடிக்கு அடுத்த வயல் அவனுடையது. நடுவில் ஒரு வரப்புதான்.

குத்தகையே கிடையாது, அது பண்ணைச் சாகுபடி, அவள் கூலிக்கு வந்தவள் என்று இராஜாங்கம் எழுதிக் கொடுத்தார். அக்கரைத் தெருக்காரர்கள் எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் சங்கத்து ஆட்கள் என்று தள்ளிவிடலாம். அவருக்குத் தன் பக்கம் எவரும் சந்தேகப்பட முடியாத சாட்சி வேண்டும். அவர் கையில் அது இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் ஏழு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“யாரையும் பொய் சொல்லச் சொல்லல. சத்தியத்த மீறச் சொல்லல. காத்தாயி எங்க பெரிய வயல்ல கூலிக்கு நட்டிருக்கா. பாத்திருக்கீங்கள்ல?”

“பாத்திருக்கோம்.”

“அதச் சொல்லுங்க. காத்தாயி அய்யா வயல்ல கூலிக்கு நடவு நட்டுருக்கு, கண்ணால பாத்தோம். அவ்வளவுதான். எட்டுப் பேரும் துண்டோட வரணும்.”

மருதையன் கேட்டான். “பனையடியப் பத்திக் கேட்டாங்கன்னா?”

“கேக்க மாட்டாங்க.”

“கேட்டா?”

“எட்டுத் துண்டப் பாத்ததுக்கப்புறம் எவன்டா கேப்பான்?” இராஜாங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “ஒன்றரை மா எனக்குப் பெருசில்ல. அக்கரைத் தெருப் பொம்பள எங்கப்பன் மண்ணுல பேரெழுதறா. இது மானப் பிரச்ன. சபையோட மானமும்தான்.”

மருதையன் வயலுக்குப் போனான். காத்தாயி வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் எழுந்திருப்பாள்.

“நாளைக்கு வர்றீங்களாய்யா?”

“வரச் சொல்லியிருக்காங்க.”

“எனக்காவ ஒண்ணும் சொல்ல வேணாம். எட்டுப் பேரும் சாமி முன்னால சத்தியம் பண்ணுனவங்கன்னு ஊரே சொல்லுது. ஒரு ஆளாவது நெசமாப் பண்ணுனாரான்னு பாக்கத்தான் நானும் வர்றேன்.”

அவன் மடையைத் திருப்பிவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அம்சத்திடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“வயித்துவலின்னு படுத்துக்குங்க.”

“அதுவும் பொய்தானே.”

“அப்ப நெசமாவே வயிறு வலிக்கிற மாதிரி எதையாவது ஆக்கிப் போடட்டா?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“துண்ட உருவிடுவாங்க. நாளைக்கே நம்ம புள்ளைய வரப்புவெட்டி பேரன்னு கூப்பிடுவாங்க. உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தூக்கத்துல கூட அந்தத் துண்டு இடுப்புல இருக்கான்னு தடவிப் பாக்கற ஆளு நீங்க.”

“ம்.”

“காத்தாயிக்காவ அத விடப் போறீங்களா?”

“விடறதாச் சொல்லலியே,” என்றான் மருதையன். “துண்டையும் விடப் போறதில்ல.”

சாவடியில் மேசை போட்டு விசாரணைத் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம். எட்டுப் பேரும் காவித் துண்டோடு வரிசையாக நின்றார்கள். நடராசனைக் காணோம். கட்சி வேலையாக மன்னார்குடிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்தாயி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

இராஜாங்கம் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “காத்தாயி அய்யா வயல்ல கூலிக்கு நடவு நட்டுருக்குங்க. கண்ணால பாத்துருக்கேன்” என்றார். அடுத்தவர் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். தாசில்தார் துண்டுகளைப் பார்த்தார். கர்ணம் அவர் காதில் தோள்காரர்கள் யார் என்று சொன்னார். தாசில்தார் தலையாட்டி எழுதிக்கொண்டார். இராஜாங்கம் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. பனையடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கடைசியாக மருதையன் வந்தான்.

“காத்தாயி அய்யா வயல்ல கூலிக்கு நட்டுருக்குங்க. பாத்துருக்கேன்.”

“சரி, போகலாம்,” என்றார் தாசில்தார்.

அவன் போகவில்லை.

“அது பெரிய வயல்லங்க. பனையடியில இல்ல.”

“உன்னக் கேட்டாங்களா?” என்றார் கர்ணம்.

“கேக்கலீங்க. பாதியோட நிறுத்துனா பொய்யாயிடும். பனையடிக்கு அடுத்த வயல் என்னுது. அங்க வெதை அது வாங்கிப் போட்டது. ஏருக்குக் கூலி அது குடுத்தது. அறுத்து, பண்ணைக் களத்துல குத்தகை நெல்லு அளந்துட்டு மிச்சத்த வீட்டுக்குக் கொண்டுபோறது அதுதான். புருஷன் இருந்தப்ப அவன், இப்ப அது.”

தாசில்தார் பேனாவை மூடியிருந்தார். மறுபடியும் திறந்தார்.

“சத்தியமாச் சொல்றியா?”

“அது ஏற்கெனவே பண்ணியாச்சுங்க,” என்றான் மருதையன்.

தாசில்தார் மற்ற ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டார். கூலிக்கு நட்டது எந்த வயலில் என்று இந்தத் தடவை கேட்டார். தங்கையன் இராஜாங்கத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “பெரிய வயல்லங்க” என்றார். கேட்டுவிட்ட பிறகு அவர்களுக்கும் வேறு வழியில்லை.

அன்று மத்தியானமே இராஜாங்கம் மண்டபத்துக்கு வரச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். அவர் கையை நீட்டினார்.

“துண்ட அவுத்துக் குடு.”

மருதையன் இடுப்பில் கை வைக்கவில்லை.

“நீங்க கட்டினதுதாங்க. சத்தியத்த உங்களுக்குப் பண்ணல.”

“உங்கப்பன் பொணத்தத் தூக்கின தோளுடா இது.”

“அத நான் மறக்கலீங்க. மறந்திருந்தா இன்னிக்கு வயித்துவலின்னு படுத்திருப்பேன்.”

“சபையக் காட்டிக் குடுத்துட்ட.”

“மூணு சத்தியத்துல அது இல்லீங்களே. நான் பொய் சொன்னேன்னு இந்தத் தண்டத் தொட்டு ஒருத்தர் சொல்லுங்க. அவுத்துக் கையில குடுத்துட்டுப் போயிடறேன்.”

தண்டு தாங்குகட்டைகளின் மேல் கிடந்தது. எண்ணெய் பூசிய பழைய மரம். யாரும் பக்கத்தில் போகவில்லை. தங்கையன் தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராஜாங்கத்தின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு அதைத் தாழ்த்திக்கொண்டு, “நீ சபையில இல்ல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பனையடி காத்தாயியின் பெயரில் பதிவானது. இராஜாங்கம் அப்பீல் போட்டார். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. குடியானத் தெருவில் மருதையனுக்குப் பழைய பெயர் திரும்பி வந்தது. கூடவே காத்தாயி வக்கீல் என்று புதிதாக ஒன்றும் சேர்ந்தது. மழைக்காலத்தில் கரைக் காவலுக்கு அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போய் நின்றான். யாரும் பேசவில்லை. சாக்கைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார்கள்.

பங்குனி உத்திரம் வந்தது. இராஜாங்கம் தன் ஜோடிக்குப் பேராவூரணியிலிருந்து மைத்துனர் மகனை வரவழைத்திருந்தார். தேங்காய் வியாபாரி. நல்ல உயரம். குளத்தில் முழுகிவிட்டு வந்து தண்டில் கை வைத்தான். குருக்கள் இரண்டாவது சத்தியத்தைச் சொன்னதும் நிறுத்தினான்.

“குடிக்க மாட்டேன்னா, இன்னிக்கு மட்டுமா, எப்பவுமா?”

“எப்பவும்தான்.”

அவன் கையை எடுத்துவிட்டான். “மாமா, இது சரிப்பட்டு வராது. சாமி விஷயத்துல எதுக்குப் பொய்?” காவித் துண்டுக்குக் காத்திருக்காமல் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனை யாரும் குறை சொல்லவில்லை.

அப்போது மருதையன் குளத்திலிருந்து வந்தான். ஈர வேட்டி, இடுப்பில் துண்டு. கூட்டம் ஒதுங்கியது. நேராகப் போய் இடத் தண்டின் முன்னால் தன் இடத்தில் நின்று, குனிந்து, தோளை மரத்தோடு சேர்த்தான்.

“அவன் நின்னா ஒருத்தரும் தூக்க வேணாம்,” என்றார் இராஜாங்கம்.

ஒருவரும் தூக்கவில்லை. ஆறு பேரும் தள்ளி நின்றார்கள். பல்லக்கின் மேல் சுப்பிரமணியர் மாலையும் மயில் கண்ணுமாகத் தயாராக இருந்தார். நாயனக்காரர் புறப்பாட்டு மல்லாரியை வாசித்து முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மருதையன் குனிந்த இடத்திலேயே நின்றான். ஒற்றைத் தோளுக்குப் பல்லக்கு அசையாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் அசைக்கப் பார்க்கவில்லை. நின்றான். முதுகில் இருந்த ஈரம் காய்ந்து, அதன் மேல் வியர்வை வழிய ஆரம்பித்தது.

வீட்டு வாசல்களில் தேங்காய் பழத்தட்டோடு காத்திருந்த பெண்கள் சாமி வராததைப் பார்த்துக் கோயிலுக்கே வந்துவிட்டார்கள். அம்சம் முன்னால் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு ஆறு பேரையும் பார்த்தாள்.

“தடி தடியா இத்தன ஆம்பளைங்க நிக்கிறீங்களே. சாமி கனக்குதா, சத்தியம் கனக்குதா?”

“வாய மூடு பொம்பள,” என்றார் ஒருவர்.

“மூடறேன். நீங்க போய்த் தூக்குங்க.”

தங்கையன் முதலில் நகர்ந்தார். இராஜாங்கத்தைப் பார்க்காமல் வந்து மருதையனுக்குப் பின்னால் தண்டுக்குக் கீழே புகுந்தார்.

“கொஞ்சம் முன்னால தள்ளி நில்லுய்யா. உன் வேர்வையெல்லாம் என் மூஞ்சியில தெறிக்குது.”

மருதையன் தள்ளி நின்றான். பிறகு ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். ஆறு பேரும் அவரவர் இடத்தில் நின்றபோது வலத் தண்டின் முன்னிடம் மட்டும் காலியாக இருந்தது. குருக்கள், “உச்சிக்கு முன்னாடி பொறப்படணும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தீபத் தட்டை எடுத்துக்கொண்டார்.

இராஜாங்கம் கொஞ்ச நேரம் நின்றார். அந்தத் தண்டைத் தூக்காமல் ஒரு பங்குனியும் அவருக்குக் கழிந்ததில்லை. வந்து குனிந்தார். மருதையனின் பக்கம் திரும்பவில்லை. “நடை” என்றார். பல்லக்கு எழுந்தது. சாயவில்லை.

தெரு கொதித்துக் கிடந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வந்து தோள்காரர்களின் கால்களில் தண்ணீர் ஊற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். சிலர் மருதையனின் கால்களில் அவசரமாக ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் நிறையவே ஊற்றினார்கள்.

இராஜாங்கம் வீட்டு வாசலில் பல்லக்கைக் கீழே இறக்குவது வழக்கமில்லை. தோளிலேயே நிறுத்தித் தீபாராதனை காட்டுவார்கள். அவர் மனைவி நீலாம்பாள் பித்தளைக் குடத்தோடு படியிறங்கினாள். விசாரணை நாளிலிருந்து மருதையனுக்கு அந்தப் படியேற அனுமதி கிடையாது. அவன் இப்போது படிக்கு முன்னால் நின்றான். நீலாம்பாள் பின்வரிசையிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தாள். தங்கையன் கால்களில் ஊற்றினாள். முன்னால் வந்து மருதையனைத் தாண்டிப் போய்ப் புருஷனின் கால்களில் ஊற்றினாள். குடத்தை நிமிர்த்திக்கொண்டு படிப்பக்கம் ஒதுங்கினாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. அது தளும்புவது கேட்டது.

தீபாராதனை முடிந்தது.

“நடை,” என்றார் இராஜாங்கம்.

ஏழு பேர் அடியெடுத்து வைத்தார்கள். மருதையன் வைக்கவில்லை. பல்லக்கு ஒரு குலுக்கு குலுங்கி நின்றது. சாமி கழுத்து மாலை ஆடியது.

“நடைன்னேன்.”

“ரெண்டு காலு பாக்கி இருக்குங்க ஆச்சி,” என்றான் மருதையன். குரலை உயர்த்தவில்லை.

நாயனம் நின்றது. நீலாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அவர் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டின் பாரம் அவர் தோளில் அழுந்தியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பின்னால் தங்கையன், “தோளு போவுது ஆச்சி, சட்டுன்னு” என்றார்.

நீலாம்பாள் வந்தாள். மருதையனின் கால்களில் குடத்தைச் சாய்த்தாள். கொதித்த மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. அவள் பாதியில் நிறுத்தவில்லை.

“போதுங்க ஆச்சி,” என்றான் மருதையன்.

யாரும் நடை சொல்லவில்லை. அவனே முதல் அடியை எடுத்து வைத்தான்.